பதினேழாவது பாடம்

வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். 2019-இல் புதுப் பாடத்திட்டத்தில் வந்த அறிவியல் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். பதினேழாவது பாடத்தைத் திறங்கள். ‘தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்’.

மின்சாரம், ஒளி, அணு என்று மற்ற பாடங்களிலெல்லாம் பென்சில் கோடு இருக்கும். மார்ஜினில் ஸ்டார் போட்டு ‘இம்பார்ட்டன்ட்’ என்று எழுதி வட்டம் கட்டியிருக்கும். இந்தப் பாடத்திலும் முதல் சில பக்கங்களில் அதெல்லாம் உண்டு. மகரந்தம், சூலகம் என்று பூ இருக்கிற வரைக்கும் வாத்தியாரும் கூடவே இருந்திருப்பார். மனுஷன் வந்ததும் அவர் கிளம்பிவிடுவார். அதற்கப்புறம் பல புத்தகங்களில் பக்கங்கள் கடையில் வாங்கின மாதிரியே பளபளவென்று இருக்கும். ‘மிச்சத்தை நீங்களே வீட்ல படிச்சுக்கோங்க’ என்பதுதான் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் இந்த விஷயம் பற்றி அதிகம் சொல்லப்பட்டிருக்கும் வாக்கியம்.

சினிமாவை விமரிசிக்கிறோம், நாவலை விமரிசிக்கிறோம். லட்சக்கணக்கான பிள்ளைகள் கட்டாயமாகப் படிக்கவேண்டிய ஒரு பாடத்தை யாரும் விமரிசிப்பதில்லை. இந்த வாரம் அதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பாடம் மோசமில்லை. நம் தலைமுறை படித்ததோடு ஒப்பிட்டால் ரொம்பத் தேவலை. உறுப்புகளின் படம் இருக்கிறது. மாதவிடாய்ச் சுழற்சி நாள் கணக்கோடு இருக்கிறது. கருத்தடை முறைகள் இருக்கின்றன. சுத்தம் பற்றிய பகுதி இருக்கிறது. எட்டாம் வகுப்பிலேயே ‘வளரிளம் பருவமடைதல்’ என்று தனிப் பாடம் வைத்து, குரல் ஏன் உடைகிறது, பரு ஏன் வருகிறது என்று விளக்கியிருக்கிறார்கள். எழுதியவர்கள் தங்களால் முடிந்ததைச் செய்திருக்கிறார்கள்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பாடத்தில் விந்து இருக்கிறது, அண்டம் இருக்கிறது, இரண்டும் சந்திக்கின்றன. அந்த இரண்டுக்கும் சொந்தக்காரர்களான இரண்டு மனிதர்களை மட்டும் காணோம். ஆசை இல்லை, பயம் இல்லை. ‘வேணாம்’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர் நிறுத்தவேண்டும் என்பது இல்லை. பதினைந்து வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் உண்மையிலேயே இருக்கிற கேள்வி எதுவும் இல்லை. தொழிற்சாலையில் பொருள் தயாராவதைச் சொல்கிற மாதிரி மனிதக் குழந்தை தயாராவது சொல்லப்படுகிறது.

கருத்தடை வருகிற இடத்தைக் கவனியுங்கள். அது ‘உன் உடம்பு, உன் முடிவு’ என்ற பேச்சில் வரவில்லை. மக்கள்தொகைப் பெருக்கம் என்ற பேச்சோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நாட்டுக்கு ஜனத்தொகை ஜாஸ்தி, அதனால் கருத்தடை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8. மக்கள்தொகை குறையாமல் இருக்கவே 2.1 வேண்டும். 2025 மார்ச்சில் முதலமைச்சராக மு.க. ஸ்டாலின், தொகுதி மறுவரையறையை நினைத்து, புதுமணத் தம்பதிகளைச் சீக்கிரம் குழந்தை பெற்றுக்கொள்ளச் சொன்னார். ஆக, ஜனத்தொகைக் காரணம் போய்விட்டது. அப்படியென்றால் இந்தப் பாடமும் தேவையில்லையா? ஆணுறை நோயைத் தடுக்கும், வேண்டாத கர்ப்பத்தைத் தடுக்கும் என்பது ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதற்கு நாட்டின் ஜனத்தொகைக் கணக்கு எதற்கு?

இந்த விஷயம் இன்னும் விரிவாக வருவது பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில். ‘இனப்பெருக்க நலன்’ என்று தனிப் பாடமே உண்டு. பால்வினை நோய்கள் வரை சொல்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அதைப் படிப்பது உயிரியல் எடுத்தவர்கள் மட்டும். காமர்ஸ் குரூப் எடுத்தவனுக்கு இனப்பெருக்க நலன் தேவையில்லை என்று யார் முடிவு செய்தது? ஐ.டி.ஐ. போனவனுக்கு? பத்தோடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு? அவளுக்குத்தான் எல்லாரையும்விட முதலில் தேவைப்படுகிறது. அதே ஆய்வில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் இந்திய அளவில் 23.3 சதவீதம். நம் தமிழ்நாட்டில் 12.8. எட்டுப் பேரில் ஒருத்தி. அந்த எட்டில் ஒருத்தி ப்ளஸ் டூ விலங்கியல் வரை எப்போது வந்து சேரப் போகிறாள்?

*

‘பாலியல் கல்வி’ என்ற பேரைச் சொன்னாலே வீட்டில் டீ.வி. சத்தத்தைக் கூட்டுகிறோம். அதற்கு ஒரு காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நம் தினசரிகளில் ‘பாலியல்’ எந்தெந்தச் சொற்களோடு வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பாலியல் பலாத்காரம். பாலியல் தொல்லை. பாலியல் தொழில். போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருக்கும் சொல் அது. அதைக் கூட்டிவந்து ‘கல்வி’க்குப் பக்கத்தில் நிறுத்தினால் அம்மா அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும்.

அரசாங்கத்துக்கும் இது தெரியும். அதனால் பெயரை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறது. 2005-இல் மத்திய மனிதவள அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் சேர்ந்து ‘வளரிளம் பருவக் கல்வி’ என்று ஒன்றைக் கொண்டுவந்தன. 2007-இல் அதற்கு வந்தது வினை. படங்கள் ஆபாசம், கலாசாரம் கெட்டுவிடும் என்று கூச்சல் கிளம்பியது. மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகா என்று வரிசையாக மாநிலங்கள் ‘எங்களுக்கு வேண்டாம்’ என்றன. இதில் கட்சி வித்தியாசம் பெரிதாக இல்லை. மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொள்கிறவர்கள் இதில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

விஷயம் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவுக்குப் போனது. வெங்கையா நாயுடு தலைவர். 2009-இல் அறிக்கை வந்தது. பள்ளிக்கூடங்களில் பாலியல் கல்வி கூடாது. திருமணத்துக்கு முன் உறவு கூடாது என்பதே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. எச்.ஐ.வி. போன்ற பாடங்கள் வேண்டுமானால் ப்ளஸ் டூ உயிரியலில் இருந்துவிட்டுப் போகட்டும். இதுதான் அறிக்கையின் சாரம்.

‘கூடாது என்று சொன்னால் போதும்’ என்ற வைத்தியத்தை அமெரிக்கா கோடிக்கணக்கான டாலர் செலவழித்து ஏற்கெனவே பரிசோதித்துவிட்டது. அங்கே கல்யாணம் வரை காத்திருக்கச் சொல்லும் வகுப்புகளை அரசு செலவில் நடத்தினார்கள். நம் மாநிலங்கள் தடை போட்ட அதே 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு வெளியானது. அந்த வகுப்புக்குப் போன பிள்ளைகளில் உறவு கொண்டவர்கள் முதன்முதலில் அதைச் செய்த சராசரி வயது 14.9. போகாத பிள்ளைகளுக்கு? அதே 14.9. தசமப் புள்ளிகூட நகரவில்லை.

முழு விவரமும் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? ‘பிஞ்சிலேயே பழுத்துடும் சார்’ என்பதுதானே நம் பெரிய பயம். யுனெஸ்கோ இதற்கென்றே 2009-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, 2018-இல் திருத்தியது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து அவர்கள் சொல்வது இது: சொல்லிக்கொடுப்பதால் பிள்ளைகள் முன்கூட்டியே தொடங்குவதில்லை. ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த இடங்களில் தள்ளிப்போடுகிறார்கள், ஜாக்கிரதையாகவும் இருக்கிறார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. ரோட்டில் லாரி வரும் என்று சொல்லிக்கொடுத்த பிள்ளை லாரியில் போய் விழுவதில்லை.

*

நாம் சொல்லித்தராவிட்டால் பிள்ளைகள் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடுகிறார்களா என்ன? இல்லை. வாத்தியார் மாறுகிறார், அவ்வளவுதான்.

பையன்களுக்கு ரொம்ப காலமாக இருக்கிற வாத்தியார் ஒருவரை உங்களுக்கே தெரியும். பரம்பரை வைத்தியர். எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்த லாட்ஜில் எந்த ரூமில் தங்குவார் என்று விளம்பரம் வரும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் டீ.வி.யிலும் வருவார். இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, தாது நஷ்டம் என்று தாழ்ந்த குரலில் பேசுவார். பதினாறு வயதுப் பையன் வியர்த்து விறுவிறுத்துப் போவான். தூக்கத்தில் விந்து வெளியேறுவது வியாதி இல்லை, வளர்கிற உடம்பின் வேலை என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தால் அந்த வைத்தியருக்கு வாடிக்கையாளர் இல்லை. இந்தப் பயத்தையே ஒரு மனநலப் பிரச்னையாக அடையாளம் கண்டு, 1960-இலேயே அதற்கு ‘தாது நோய்க்குறி’ என்று பெயர் வைத்தவர் நரேந்திர விக் என்ற இந்திய மனநல மருத்துவர். உடம்பில் ஒன்றுமில்லை, கேட்டு வளர்ந்த பயம் ஆளைப் படுக்க வைக்கிறது.

இந்த மாதிரி விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. ஆண்மை விருத்திக்கு மருந்து என்று விளம்பரம் செய்வது குற்றம். சட்டம் போட்டு எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் வைத்தியர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். சயின்ஸ் டீச்சர் வாயைத் திறந்தால்தான் கலாசாரம் கெடுகிறது.

இரண்டாவது வாத்தியார் உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறார். செல்போன். முன்பு மஞ்சள் பத்திரிகை வாங்கக் கொஞ்சம் தைரியமும் காசும் வேண்டும். இப்போது இரண்டும் வேண்டாம். அதில் பார்ப்பதுதான் தாம்பத்தியம் என்று ஒரு பதினாலு வயதுப் பையன் நம்பினால் அவனைக் குறை சொல்ல முடியுமா? வேறு யாரும் அவனுக்கு வேறு எதுவும் சொல்லவில்லையே. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், குழந்தைகளைக் காட்டும் ஆபாசப் படங்களை வைத்திருப்பது குற்றம்தான் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலேயே, பாலியல் கல்வி என்றால் மேல்நாட்டுச் சரக்கு, பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற எண்ணங்கள் தவறு என்று விரிவாகச் சொல்லி, முழுமையான பாலியல் கல்வி தேவை என்றது. 2025 அக்டோபரில் ஒரு பதினைந்து வயதுப் பையனின் வழக்கில் இன்னும் ஒரு படி போய், ஒன்பதாம் வகுப்புக்குக் காத்திருக்காமல் சின்ன வயதிலிருந்தே தொடங்குங்கள் என்றது.

மூன்றாவது வாத்தியார் சினிமா. வேணாம் என்று சொல்லும் பெண்ணை விடாமல் துரத்தினால் இடைவேளைக்கு அப்புறம் அவள் சிரிப்பாள் என்று பல வருஷமாகப் பாடம் நடத்துபவர். இவருக்கு அட்டெண்டன்ஸ் எப்போதும் ஃபுல்.

*

பெண் பிள்ளைகள் கதை இன்னும் வேடிக்கை.

வயசுக்கு வந்தால் தெருவடைத்துப் பந்தல் போடுகிறோம். பத்தடி ஃப்ளெக்ஸில் குழந்தையின் படம், ஓரத்தில் தாய்மாமன்கள், நடுவில் கட்சித் தலைவர்கள். மைக் செட் வைத்து ஊருக்கே அறிவிக்கிறோம். சரி, உடம்பில் என்ன நடந்தது, மாதாமாதம் ஏன் வரும், எத்தனை நாள் வந்தால் சரி, எப்போது டாக்டரிடம் போகவேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் யாராவது சொன்னார்களா? சீர்த்தட்டு எத்தனை என்பது சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பது சம்பந்தப்பட்ட பெண்ணுக்கே தெரியாது. பல பெண்கள் முதல் ரத்தத்தைப் பார்த்ததும் ஏதோ பெரிய வியாதி என்று அழுதிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெண்களையே கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டு அரசு ‘புதுயுகம்’ என்று பெயர் வைத்துப் பள்ளிகளிலேயே நாப்கின் கொடுக்கிறது. நல்ல திட்டம். மலிவு நாப்கின் செய்யும் மெஷினைக் கண்டுபிடித்த முருகானந்தமும் நம்ம கோயமுத்தூர்க்காரர்தான். பொருள் வந்துவிட்டது, பேச்சுதான் வரவில்லை. அந்த நாப்கினைக் கடையில் வாங்கினால் இன்னமும் கறுப்பு கவரிலோ பழைய பேப்பரிலோ சுற்றித்தான் தருகிறார்கள். பிராந்தி பாட்டிலுக்குக்கூட இவ்வளவு கூச்சம் இல்லை.

பள்ளிகளில் இதுபற்றி ஒரு கூட்டம் போட்டால் ‘பாய்ஸ் எல்லாம் கிரவுண்டுக்குப் போங்க’ என்கிறார்கள். இது ஒரு பெரிய தப்பு. வெளியே போன பையன், உள்ளே ஏதோ அசிங்கம் நடக்கிறது என்று கற்றுக்கொள்கிறான். அவன்தான் நாளைக்குப் புருஷன், அண்ணன், ஆபீஸில் மேனேஜர். பாவாடையில் கறை பட்ட பெண்ணைப் பார்த்துச் சிரிப்பவன், கிரவுண்டுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பையன்தான்.

*

இதுவரை சொன்னதெல்லாம் கொஞ்சம் சிரித்துக்கொண்டே படிக்கலாம். இனிமேல் முடியாது.

2007-இல் மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டது. ஏதாவது ஒரு வகையில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகள் 53.22 சதவீதம். பாதிக்கு மேல். அதில் ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளுக்குக் குறைந்தவர்கள் இல்லை. செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை.

வருஷத்தைக் கவனித்தீர்களா? 2007. பாலியல் கல்வி வந்தால் குழந்தைகளின் கள்ளமற்ற மனசு கெட்டுவிடும் என்று மாநிலங்கள் தடை போட்ட அதே வருஷம்.

ஏன் சொல்லவில்லை அந்தக் குழந்தைகள்? பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம், சொல்வதற்கு வார்த்தை இல்லை. ஒரு ஐந்து வயதுக் குழந்தைக்கு மூக்கு, முழங்கால், கட்டைவிரல் எல்லாம் தெரியும். ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் பேர் தெரியாது. ‘ஷேம் ஷேம்’ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்தப் பேரில் இருப்பது அவமானம் மட்டும்தான். அங்கே ஒருவன் கை வைத்தால், அவமானம் தன்னுடையது என்றுதான் அந்தக் குழந்தை நினைக்கும். மறுபக்கம் பாடப்புத்தகத்தில் விந்தகம், அண்டகம், புணர்புழை என்று சுத்தமான தமிழ் இருக்கிறது. பரீட்சைக்கு வெளியே அதை யாரும் உச்சரித்ததில்லை. ஒருபக்கம் கெட்ட வார்த்தை, ஒருபக்கம் பரீட்சை வார்த்தை. நடுவில் ஒரு குழந்தை தன் அம்மாவிடம் சாதாரணமாகச் சொல்ல ஒரு வார்த்தைகூட நம் வீடுகளில் இல்லை. இத்தனை வளமான மொழியை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வறுமை.

இப்போது பள்ளிகளில் ‘குட் டச், பேட் டச்’ சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒன்றுமே இல்லாததற்கு இது பரவாயில்லை. ஆனால் இதுவே போதும் என்று நினைக்காதீர்கள். சாக்லேட் வாங்கிக்கொடுத்து, கதை சொல்லி, மெதுவாகப் பழகும் அங்கிளின் தொடுகை குழந்தைக்குக் கெட்டதாகத் தெரியாமலே போகலாம். உன் உடம்பு உன்னுடையது, யார் தொட்டாலும் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேணாம் சொல்லலாம், ரகசியமாக வைத்துக்கொள் என்று எவர் சொன்னாலும் உடனே வந்து சொல், நான் உன்னைத் திட்டமாட்டேன். இதுதான் பாடம். இதைச் சொல்லிவிட்டு, விருந்தாளி வந்ததும் ‘மாமாவுக்கு ஒரு முத்தா குடு’ என்று அழுகிற குழந்தையைத் தள்ளினால் முதல் பாடம் அங்கேயே ரத்து.

வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பொள்ளாச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். 2019-இல் வெளியே வந்தது. 2025 மே மாதம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. அவர்களிடம் இருந்த பெரிய ஆயுதம் செல்போனில் எடுத்த வீடியோ. அது ஏன் ஆயுதம் ஆனது? ‘வீட்டில் தெரிந்தால் என்னைத்தான் குறை சொல்வார்கள்’ என்று அந்தப் பெண்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது யார்? குற்றவாளிகள் இல்லை. நாம்தான். 2021-இல் சென்னையில் பிரபலமான ஒரு பள்ளியின் ஆசிரியர் மீது மாணவிகளும் பழைய மாணவிகளும் வரிசையாகப் புகார் சொன்னபோதும் பார்த்தோம். பல வருஷம் அடக்கி வைத்திருந்தது ஒரே நாளில் வெளியே கொட்டியது.

பையன்கள் பக்கத்திலும் ஒரு பெரிய இருட்டு இருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் போக்சோ சட்டம் அமலில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர் சம்மதித்தாலும் அந்தச் சம்மதம் சட்டத்தின் கண்ணில் செல்லாது. பதினேழு வயதுப் பெண்ணைக் காதலித்துக் கூட்டிக்கொண்டு போன பத்தொன்பது வயதுப் பையன் ஜெயிலில்தான் இந்த விஷயத்தையே கேள்விப்படுகிறான். இளவயதுக் காதலை இப்படித் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமே இல்லை என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. சட்டத்தைத் திருத்துவது பற்றிப் பெரியவர்கள் விவாதிக்கட்டும். அதுவரை இருக்கிற சட்டத்தையாவது பதினோராம் வகுப்பில் ஒரு பீரியட் எடுத்துச் சொல்லக்கூடாதா? வட்டி கணக்கும் வரி கணக்கும் சொல்லித் தருகிறோம். இருபது வருஷம் உள்ளே போகக்கூடிய விஷயத்தை மட்டும் அனுபவத்தில் கற்றுக்கொள்ள விட்டுவிடுகிறோம்.

*

‘நம்ம கலாசாரத்துக்கு இது ஒத்துவராது’ என்பார்கள். எந்தக் கலாசாரம்?

திருக்குறளில் இன்பத்துப்பால் மட்டும் 250 குறள். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் பள்ளிகளில் திருக்குறளை ஒழுங்காகக் கற்பிக்கச் சொன்னபோதுகூட அறத்துப்பாலையும் பொருட்பாலையும்தான் சொன்னது. மூன்றாவது பாலை ஜாக்கிரதையாக விட்டுவிட்டது. வள்ளுவருக்கே கிரவுண்டுக்குப் போகச் சொல்லிவிட்டோம்.

கர்ப்பத்தடை பற்றிப் பெரியார் எழுதி எண்பது, தொண்ணூறு வருஷம் ஆகிறது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ புத்தகத்தில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு. ஜனத்தொகை குறையவேண்டும் என்பதற்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார். இன்றைய பாடப்புத்தகத்தைவிட அவர் முன்னால் போய்விட்டார்.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதலில் கண்டுபிடித்ததும் நம் சென்னையில்தான். 1986. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். ‘இந்தியாவிலாவது, எய்ட்ஸாவது’ என்று கலாசாரப் பெருமை பேசிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு பெண்கள் ரத்த மாதிரியைச் சோதித்து உண்மையைச் சொன்னார்கள். அப்புறம் 2000-களில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழ்நாடு முழுக்கப் போர்டு வைத்தார்கள். அதைப் பார்த்து யார் கெட்டுப்போனார்கள்? ஊரே பேசியது. சிரித்தது. கூடவே கொஞ்சம் தெரிந்துகொண்டது. பஸ் ஸ்டாண்டில் பேசலாம், வகுப்பறையில் பேசக்கூடாது என்பது என்ன நியாயம்?

பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 2005-இல் நடிகை குஷ்பு, கல்யாணத்துக்கு முன் உறவு வைத்துக்கொள்கிறவர்கள் கர்ப்பமும் நோயும் வராமல் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பேட்டியில் சொன்னார். ஒரு டாக்டர் சொல்லக்கூடிய சாதாரண வாக்கியம். துடைப்பமும் செருப்புமாகப் போராட்டம். இருபதுக்கு மேற்பட்ட வழக்கு. ஐந்து வருஷம் அலைந்து 2010-இல் உச்ச நீதிமன்றம் போய்த்தான் எல்லா வழக்கும் ரத்தானது. நடிகைக்கே இந்த கதி என்றால், மாதச் சம்பளம் வாங்கும் சயின்ஸ் டீச்சர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவதில் என்ன ஆச்சரியம்?

அதனால்தான் ஆசிரியர்களைத் திட்டி இதை முடிக்க எனக்கு மனசில்லை. அறுபது பையன்கள், பின்பெஞ்சில் கிசுகிசு, மறுநாள் சண்டைக்கு வரும் ஒரு அப்பா, துணைக்கு நிற்காத ஒரு தலைமையாசிரியர். யாராக இருந்தாலும் ‘வீட்ல படிச்சுக்கோங்க’ என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். அதைவிட முக்கியம், பாதுகாப்பு வேண்டும்.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2020-இல் ஆயுஷ்மான் பாரத் பெயரில் ஒரு பள்ளி நலத் திட்டம் அறிவித்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி. வாரத்துக்கு ஒரு மணி நேரம். பதினோரு தலைப்புகள். இனப்பெருக்க நலமும் எச்.ஐ.வி. தடுப்பும் அதில் ஒன்று. ஆண் பெண் சமத்துவம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இன்டர்நெட்டை ஜாக்கிரதையாகப் பயன்படுத்துவது எல்லாம் உண்டு. காகிதத்தில் அருமையான திட்டம். அந்த ஒரு மணி நேரம் நடக்கிறதா, இல்லை கணக்கு வாத்தியார் ஸ்பெஷல் கிளாஸுக்குக் கடன் வாங்கிக்கொண்டாரா என்பதுதான் கேள்வி.

அந்த ஒரு மணி நேரத்தில் செய்ய ஒரு எளிய வழி உண்டு. வகுப்பில் ஒரு பெட்டி வையுங்கள். பேர் போடாமல் கேள்வி எழுதிப் போடச் சொல்லுங்கள். அடுத்த வாரம் டீச்சரோ, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரோ, நர்ஸோ பதில் சொல்லட்டும். முதல் வாரம் கிண்டல் சீட்டு நாலு வரும். இரண்டாவது வாரம் நிஜமான கேள்விகள் வரும். ‘எனக்கு ஒரு பக்கம் சின்னதாக இருக்கிறது, வியாதியா?’ ‘முத்தம் கொடுத்தால் குழந்தை பிறக்குமா?’ சில சமயம், ‘எங்கள் வீட்டில் ஒருத்தர் என்னை...’ என்று ஆரம்பிக்கும் சீட்டு ஒன்றும் வரலாம். அந்த ஒரு சீட்டுக்காகவே இத்தனையும் செய்யலாம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்ட பிறகு இன்னொன்றும் கேளுங்கள். ‘டீச்சர், பதினேழாவது பாடம் நடத்திட்டீங்களா? முழுசா? பசங்களையும் பொண்ணுங்களையும் சேர்த்து வெச்சு?’ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அந்த டீச்சர் முகத்தைப் பாருங்கள். யாராவது ஒரு பெற்றோர் இதைக் கேட்கமாட்டாரா என்றுதான் அவரும் காத்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. 1098, 14417 என்று இரண்டு எண்கள். முதலாவது குழந்தைகளுக்கான உதவி எண். இரண்டாவது நம் பள்ளிக் கல்வித்துறையுடையது. இரண்டையும் பிள்ளையிடம் சொல்லி, எதற்கு என்றும் சொல்லிவையுங்கள். சொல்லும்போது டீ.வி.யை அணைத்துவிடுங்கள்.